46 மில்லிகிராம் பாதரசம்: ஆனால் எந்தப் பாதரசம்?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் கொடைக்கானல். பத்து ஆண்டுகளாகக் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு, நியூ அல்மடேன் பழைய பாதரசச் சுரங்க மலையின் அடிவாரத்தில் வீடு வாங்கினோம். தோட்டம் போடுவதற்கு முன் மண்ணைச் சோதித்தபோது, மொத்தப் பாதரசம் ஒரு கிலோவுக்கு 46 மில்லிகிராம் என்று அறிக்கை வந்தது. எங்கள் ஊரில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் மண்ணை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்றபோது, அது போதவே போதாது என்று ஊரே போராடியது. அப்படியானால் எங்கள் வீட்டு மண் அதைவிட இரண்டு மடங்கு மோசமானதா? பாதரசத்தை வகை பிரித்துச் சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாகவும், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் ஆய்வகத்தார் சொல்கிறார்கள். அது அவசியமா? கீரை, கறிவேப்பிலை வளர்க்கலாமா? ஏழு வயது மகன் மலைப் பூங்காவிலிருந்து எடுத்து வந்த சிவப்புக் கல் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?
(வாசகி, சான் ஹோசே)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டு மண்ணின் 46-ஐயும் கொடைக்கானலின் 20-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிது சிறிது பார்க்க முடியாது. இரண்டும் பாதரசத்தின் எடையைச் சொல்கின்றனவே தவிர, அந்தப் பாதரசம் என்ன வடிவில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதற்காக 46-ஐப் புறக்கணித்துவிடலாம் என்றும் பொருள் கொள்ள வேண்டாம். மாசுபடாத மண்ணில் பாதரசம் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. எனவே, வகை தெரியும் வரை அந்த மண்ணைக் கிளறாமல், தோட்ட வேலையைத் தள்ளி வைப்பதே நல்லது.

வடிவம் என்று நான் சொல்வது நம் மொழிக்குப் புதிய செய்தி அல்ல. சித்த மருத்துவத்தில் ரசம், லிங்கம், வீரம், பூரம் என்று நான்கு பெயர்கள் உண்டு. ரசம் என்பது உருண்டோடும் உலோகப் பாதரசம். லிங்கம், அதாவது சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கனிமம். வீரமும் பூரமும் பாதரசத்தின் குளோரைடு உப்புகள்; அவற்றுள் வீரம் நீரில் நன்றாகக் கரையும் கொடிய நஞ்சு, பூரம் எளிதில் கரையாதது. நான்கிலும் இருப்பது ஒரே பாதரசம்தான் என்றாலும், வீரம் கேட்டு வந்தவருக்கு லிங்கத்தை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. (இதைப் படித்துவிட்டு லிங்கம் தீங்கற்ற மருந்து என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம், நான் பேசுவது மண்ணைப் பற்றி மட்டுமே.) உங்கள் கையில் இருக்கும் ஆய்வறிக்கையோ இந்த நான்கு டப்பாக்களையும் ஒன்றாகக் கொட்டி எடை போட்டுத் தந்திருக்கிறது. மொத்தப் பாதரசச் சோதனையின் வேலையே அதுதான். மண்ணை, நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் கலந்த ராஜ திராவகம் போன்ற கடும் அமிலத்தில் கொதிக்க வைத்தோ, நேரடியாக எரித்தோ, அதில் உள்ள பாதரசம் முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து அளக்கிறார்கள். வேறுபாடுகள் எல்லாம் அந்த முதல் படியிலேயே அழிந்துவிடுகின்றன.

உங்கள் மலையில் எந்த வடிவை எதிர்பார்க்கலாம் என்பதை அதன் வரலாறே ஓரளவு சொல்லிவிடும். அல்மடேன் என்ற பெயர் ஸ்பெயினில் உள்ள புகழ்பெற்ற பாதரசச் சுரங்க ஊரிலிருந்து கடன் வாங்கியது. அதன் மூலம் சுரங்கம் என்று பொருள்படும் அரபுச் சொல். சுரங்கம் தோண்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, அப்பகுதியின் தொல்குடிகளான ஒலோனி மக்கள் அந்த மலையின் சாதிலிங்கத்தை அரைத்துச் செவ்வண்ணமாகப் பூசி வந்தார்கள். 1845-இல் அது பாதரசக் கனிமம் என்று அடையாளம் காணப்பட்டது. அடுத்து வந்த தங்க வேட்டைக் காலத்தில் சியரா நெவாடா மலைத்தொடரின் தங்கத்தைப் பிரித்தெடுக்க இந்த மலையின் பாதரசம்தான் பெருமளவில் போயிற்று. இங்கே தோண்டிய கனிமம் சாதிலிங்கம்; அதன் எடையில் 86 விழுக்காடு பாதரசம். நீரில் ஏறக்குறைய கரையவே கரையாத பொருள் இது. ஆகவே, மலையிலிருந்து மழையில் அடித்துவரப்பட்ட, சுடப்படாத கனிமத் துகள்தான் உங்கள் மண்ணில் இருக்கிறது என்றால், 46 என்ற எண்ணின் கடுமை கணிசமாகக் குறைந்துவிடும்.

ஆனால் சுரங்கத்தில் கனிமத்தைத் தோண்டியதோடு நிற்கவில்லை. அதைச் சூளையில் வைத்துச் சுட்டு, ஆவியாகக் கிளம்பிய பாதரசத்தைக் குளிர வைத்துப் பிடித்தார்கள். சுட்ட கல்லைச் சூளையருகே கொட்டினார்கள், ஓடைக்கரையில் சரித்தார்கள், பாதை போடவும் பயன்படுத்தினார்கள். வெந்த கல் வேறு சரக்கு. சூளையில் தப்பித்த சாதிலிங்கம் ஏறத்தாழ 345 டிகிரி செல்சியசுக்கு மேல் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு கறுப்புச் சல்பைடாகிவிடுகிறது. குளிர்ந்த பிறகும், அதில் கலந்த மாசுகள் காரணமாக, கறுப்பாகவே நின்றுவிடுவதுண்டு. அதோடு குளோரைடு, சல்பேட் வகைப் பாதரச உப்புகளும் சிறு பங்காக அந்தக் கல்லில் உருவாகின்றன, அவற்றில் சில நீரில் கரைவன. கறுப்புச் சல்பைடும் கரையாததுதான், சிவப்பைவிடச் சற்றே இளக்கம். கவலைக்குரியது அந்தச் சிறு பங்கு உப்புதான். எனவே நான் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி மிக எளியது: உங்கள் தோட்டத்து மண்ணில் செங்கல் ஜல்லி போன்ற நிறத்தில் உடைந்த கற்கள் கிடக்கின்றனவா? கிடந்தால், அவற்றைப் பொறுக்காமல் படம் எடுத்து வையுங்கள். ஆய்வகத்துக்கு அது பயன்படும்.

கொடைக்கானலின் கதை நேர் எதிரானது. அங்கே பாதரசம் மலையிலிருந்து பிறந்தது அல்ல. தெர்மாமீட்டரில் நிரப்புவதற்காக வெளியிலிருந்து வந்த தூய உலோகம், அதாவது ரசம். 2001-இல் தொழிற்சாலை மூடப்பட்டபோது, பாம்பார் சோலையை ஒட்டிய அந்த வளாகத்தின் மண்ணில் கலந்திருந்தது பெரும்பாலும் அந்த உலோகமும் அது மாறிய வடிவங்களும்தான். உலோகப் பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் பொருள். 20 டிகிரி செல்சியசில் மூடிய இடத்துக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் வரை அதை ஏந்திக்கொள்ள முடியும். நீண்ட காலம் சுவாசிக்கும் காற்றில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவோ 1 மைக்ரோகிராம். பதின்மூவாயிரம் மடங்கு. கொடைக்கானலில் மரங்களின் மேல் படர்ந்த பாசியிலும் லைக்கன் எனப்படும் மரப்பாசியிலும் பாதரசம் மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மண்ணில் வேர் ஊன்றாத அந்த உயிரினங்கள் அதைக் காற்றிலிருந்துதான் பெற்றிருக்க முடியும். சோலைக் காட்டின், இலைதழை மட்கிய கறுத்த மக்கு மண்ணில் விழுந்த உலோகம் காலப்போக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மக்கோடு ஒட்டிக்கொள்ளும்; அப்படி ஒட்டியது ஆவியாவது குறையும், ஆனால் நீரோடு சேர்ந்து ஓடைக்கு நகரும் வாய்ப்பு இருக்கிறது. அந்த மண்ணில் 20 என்பது ஏன் சண்டைக்குரிய எண்ணாக இருந்தது என்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதிலும் இதே வேறுபாடுதான். உலோகப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட உறிஞ்சுவதில்லை; அதையே ஆவியாகச் சுவாசித்தால் ஏறக்குறைய 80 விழுக்காடு இரத்தத்தில் ஏறிவிடும். கரையும் உப்புகள் குடலில் பத்து விழுக்காட்டை ஒட்டி உறிஞ்சப்படும். மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசமோ 95 விழுக்காடு உள்ளே போய்விடும். சாதிலிங்கம் இரைப்பை அமிலத்திலும் மிகச் சிறிதளவே கரைவதால், உறிஞ்சப்படுவது கரையும் உப்பைவிட மிகக் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மண் பட்டியலில்கூட உலோகப் பாதரசம், பாதரச உப்பு, மெத்தில் பாதரசம் என்று தனித்தனி வரிகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். வகை தெரியாத நிலையில், அதிகாரிகள் அவற்றுள் கடுமையான அளவையே எடுத்துக்கொள்வார்கள். அது சரியான நடைமுறையும்கூட.

இனி, ஆய்வகத்தார் சொல்லும் வகைப் பிரிப்புச் சோதனைக்கு வருகிறேன். ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கிறார்கள், ஆகவே எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

பரவலாகக் கிடைப்பது படிப்படியாகக் கரைத்துப் பார்க்கும் முறை. 2003-இல் நிக்கோலஸ் புளூம் குழுவினர் வெளியிட்ட ஐந்து படிகளைத்தான் பல ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. ஒரே மண்ணை முதலில் தண்ணீரில் குலுக்கி, கரைந்ததை அளப்பார்கள். பிறகு இரைப்பை அமிலத்தை ஒத்த மென்மையான அமிலம். அடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இதில் மக்கோடு ஒட்டியது வெளியேறும். அதன்பின் செறிவான நைட்ரிக் அமிலம், இதில் உலோகப் பாதரசம் கரையும். எதற்கும் மசியாமல் நின்ற சல்பைடு கடைசியில் ராஜ திராவகத்தில் கரையும். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் முதல் இரண்டு படிகளின் எண்ணே. ஆனால் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: இந்த முறை சொல்வது, எந்தத் திரவத்தில் எவ்வளவு கரைந்தது என்பதை மட்டுமே. நான்காம் படியில் வந்ததை உலோகம் என்று எழுதுவது ஓர் ஊகம். மண்ணில் குளோரைடு இருந்தால், நைட்ரிக் அமிலம் அதோடு சேர்ந்து தானே ஒரு சிறு ராஜ திராவகமாகிச் சல்பைடையும் கொஞ்சம் கரைத்துவிடும். அறிக்கையில் ‘உலோகப் பாதரசம் 30 விழுக்காடு’ என்று வந்தால், உடனே பதறாமல், அதை வேறொரு முறையால் உறுதி செய்தார்களா என்று கேளுங்கள்.

அந்த வேறொரு முறை, மண்ணை மெல்லச் சூடேற்றி, எந்த வெப்பத்தில் பாதரசம் வெளியேறுகிறது என்று பார்ப்பது. வெளிவரும் ஆவியை 253.7 நானோமீட்டர் ஒளியில் தொடர்ந்து அளந்தால், மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். உலோகப் பாதரசம் 100 டிகிரியை ஒட்டியே கிளம்பிவிடும். குளோரைடும் மக்கோடு ஒட்டியதும் ஏறத்தாழ 150 முதல் 300 வரை. சிவப்புச் சாதிலிங்கம் 300-ஐத் தாண்டித்தான் அசையும். உங்கள் நிலைக்கு என் தனிப்பட்ட விருப்பம் இந்த முறைதான், ஏனென்றால் ‘ரசமா, லிங்கமா’ என்ற கேள்விக்கு ஒரே பார்வையில் பதில் சொல்கிறது. குறை என்னவென்றால், கறுப்புச் சல்பைடின் மேடும் மக்குப் பாதரசத்தின் மேடும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சூடேற்றும் வேகம் மாறினால் மேடுகளும் இடம் மாறும். ஆகவே, தெரிந்த பொருள்களை அதே கருவியில், அதே வேகத்தில் ஓட்டிய கோடுகளை ஒப்பீட்டுக்கு இணைக்காத அறிக்கையை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது, சின்க்ரோட்ரான் என்னும் பெரும் எக்ஸ்கதிர் நிலையத்தில் செய்யும் சோதனை. பாதரச அணுவைச் சுற்றிக் கந்தகம் நிற்கிறதா, ஆக்சிஜன் நிற்கிறதா, குளோரின் நிற்கிறதா என்பதை நேரடியாகக் காட்டுவது இது ஒன்றே. நியூ அல்மடேனின் வெந்த கல்லில் கறுப்புச் சல்பைடு இருப்பது இவ்வாறுதான் உறுதியாயிற்று. அத்தகைய நிலையம் ஒன்று உங்களுக்கு அருகிலேயே ஸ்டான்ஃபோர்டில் இருக்கிறது என்றாலும், இது உங்களுக்கு உதவாது. பாதரசம் ஒரு கிலோவுக்குச் சுமார் 100 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள மண்ணில் சமிக்ஞை தெளிவாக வராது. பத்து விழுக்காட்டுக்குக் குறைவான வகைகளும் அதன் கண்ணில் படுவது அரிது. நம்மை அச்சுறுத்துவதோ அந்தச் சிறு பங்குதான். யாராவது இதை உங்களுக்கு விற்க முயன்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எந்த முறையைத் தேர்ந்தாலும், மண்ணை எடுக்கும் விதத்தில் பிழை நேர்ந்தால் எல்லாம் வீண். நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், உலோகப் பாதரசம் கலந்த மண்ணை, மற்ற உலோகங்களுக்குச் செய்யும் வழக்கப்படி 105 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் உலர்த்தி, மறுநாள் அளந்து, ‘உலோகப் பாதரசம் இல்லை’ என்று எழுதினேன். உண்மையில் அது அடுப்பின் புகைபோக்கி வழியாகப் போயிருந்தது. அந்த இரவு அறையில் யாரும் இல்லாதது என் நல்ல காலம். ஆகவே உங்கள் மண்ணை உலர்த்தக் கூடாது, அரவை எந்திரத்தில் பொடிக்கக் கூடாது. பாலித்தீன் பையிலும் வைக்கக் கூடாது, பாதரச ஆவி அதன் வழியே ஊடுருவிச் செல்லும். டெஃப்லான் உறையிட்ட மூடி கொண்ட கண்ணாடிப் புட்டியில், மேலே காற்றிடம் விடாமல் நிரப்பி, பனிப்பெட்டியில் அனுப்புங்கள். ஈரத்தின் அளவை வேறொரு பங்கு மண்ணில் தனியே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஓர் எண்ணை நம்பவும் வேண்டாம். ஆய்வகத்தில் ஒரு சோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் அரை கிராம் மண். அதில் 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ரசத்துளி ஒன்று விழுந்திருந்தால், அதன் எடை 7 மைக்ரோகிராம். அந்த ஒரு துளியே அறிக்கையில் ஒரு கிலோவுக்கு 14 மில்லிகிராம் என்று நிற்கும். அதே அகலமுள்ள சாதிலிங்கத் துகள் 7 மில்லிகிராம் என்று காட்டும். குண்டூசித் தலையளவு, அதாவது 1 மில்லிமீட்டர் துளி விழுந்தால் 14,000 ஆகிவிடும். உங்கள் 46 இத்தகைய ஓரிரு துகளின் விளையாட்டா, தோட்டம் முழுவதும் பரவிய அளவா என்பது ஒரு புட்டி மண்ணில் தெரியாது. தோட்டத்தின் பல இடங்களிலிருந்து, முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துச் சேருங்கள். அதுபோல் மூன்று தனித்தனிக் கலவை மாதிரிகள் தயாரியுங்கள். குழந்தையின் கையில் ஒட்டுவது நுண்மண் என்பதாலும், சுரங்க மண்ணில் பாதரசம் நுண்துகளிலேயே மிகுந்திருப்பது வழக்கம் என்பதாலும், நுண்பகுதியைத் தனியே சலித்து அளக்கும்படி கேளுங்கள். மூன்றும் நெருங்கி வந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

எனவே கட்டணச் சோதனை அவசியமா என்ற கேள்விக்கு, ஆம் என்பதே என் விடை. ஆனால் முதலில் உங்கள் சான்டா கிளாரா மாவட்டச் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையிடம் 46 என்ற அறிக்கையைக் கொடுங்கள். அந்த மலையடிவாரத்தில் இது முதல் வீடாக இருக்க வாய்ப்பில்லை. பிறகு மூன்று கலவை மாதிரிகளுக்கும் மொத்த அளவு, அவற்றில் ஒன்றுக்குச் சூடேற்றும் முறை, அதே ஒன்றுக்கு முதல் இரண்டு கரைப்புப் படிகள் என்று கேட்டால், செலவும் அடங்கும், விடையும் கிடைக்கும். மெத்தில் பாதரசத்துக்காகத் தனியே செலவிட வேண்டாம். காய்ந்த மலைச்சரிவு மண்ணில் அது மொத்தத்தில் ஒரு விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. அதை உண்டாக்குவது, ஆக்சிஜன் இல்லாத ஈரச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள். அதனால்தான் உங்கள் பகுதியின் அல்மடேன், குவாடலூப்பே, கலேரோ நீர்த்தேக்கங்களில் பிடித்த மீனை உண்ணக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்குத் தோட்டத்து மண்ணைவிட அந்த மீன் பெரிய ஆபத்து. உறவினர் யாராவது தூண்டிலோடு கிளம்பினால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

கீரைக்கு, தரைமண்ணைத் தொடாமல், அடியில் துணி விரித்த மரச்சட்டப் பாத்தியில் வாங்கிய மண்ணை நிரப்பிக்கொள்ளுங்கள். செடி வேர் வழியாகப் பாதரசத்தை இலைக்கு ஏற்றுவது குறைவு. இலையில் ஒட்டிய தூசி வழியாகவும் பாதரசம் வரும், ஆகவே மூன்று தண்ணீரில் அலசுங்கள். கறிவேப்பிலையை எப்படியும் அந்தக் குளிருக்குத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் எடுத்துப் போகப் போகிறீர்கள், அதனால் அதில் சிக்கல் இல்லை. வெறும் மண் தெரியும் இடங்களைப் புல்லாலோ மரச்சக்கையாலோ மூடுங்கள். மகன் விளையாடிவிட்டு வந்ததும் கை கழுவட்டும், காலணி வாசலோடு நிற்கட்டும். தோட்டத்துச் சருகை அந்த மண்ணின் மேல் எரிக்கக் கூடாது. சாதிலிங்கம் சூடுபட்டால் ரசமாகப் பிரிந்து ஆவியாகும்.

அந்தச் சிவப்புக் கல்லைப் பற்றி. அது சாதிலிங்கமாக இருப்பதைவிட, அந்த மலைகளில் மிகுதியாகக் கிடைக்கும் செந்நிறச் சிக்கிமுக்கி வகைக் கல்லாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் அரிசி களையும்போது கல் அரிப்பது எடை வேறுபாட்டை வைத்துத்தானே. இங்கும் அதுவே போதும். சமையலறைத் தராசில் கல்லைக் கிராமில் எடை போட்டு, அளவுக் குவளைத் தண்ணீரில் அமிழ்த்தி, நீர் எத்தனை மில்லிலிட்டர் உயர்கிறது என்று பாருங்கள் (பிறகு அந்தக் குவளையைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்). எடையை அந்த எண்ணால் வகுத்தால் 2.6-ஐ ஒட்டி வருவது சாதாரணக் கல். தூய சாதிலிங்கம் 8.1. மூன்றரைக்கு மேல் வந்தால் கனிமம் கலந்த கல் என்று கொண்டு, உடைக்காமல், உரசாமல், வெயில் படாத இடத்தில், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் வைத்து, மாவட்டத் துறையினரிடம் கேளுங்கள். எதுவாக இருந்தாலும், அந்தப் பூங்காவிலிருந்து கல் எடுத்து வர அனுமதி கிடையாது என்பதை மகனிடம் சொல்லிவிடுங்கள்.